வாட்சைக் கழற்றும் காட்சி

ஜனவரி 8, திங்கள்

ரெஜினா டீச்சரின் உத்தரவு: படம் எடுக்கிறவள் நாள்தோறும் நோட்டு எழுத வேண்டும். எதை எடுத்தோம், எது சொதப்பியது, எது பாக்கி, எல்லாம். "வீட்டுக் கதையெல்லாம் வேண்டாம் காந்திமதி, படத்தைப் பத்தி மட்டும் எழுது" என்றார். நல்லதாய்ப் போயிற்று. எனக்கும் வீட்டுக் கதை எழுத ஆசையில்லை.

படம் இதுதான். பிப்ரவரி மூன்றாம் தேதி எங்கள் பள்ளி மண்டபத்தில் மாவட்டப் பள்ளிகளுக்கான நாடக விழா நடக்கிறது. பத்துப் பள்ளிகள், பத்து நாடகங்கள். அந்த விழா எப்படி உருவாகிறது என்று ஒத்திகையிலிருந்து பரிசு வரைக்கும் எடுத்து, பதினைந்து நிமிட ஆவணப்படமாக நாங்கள் கொடுக்க வேண்டும். இயக்கம் நான். ஒலியும் இரண்டாவது கேமராவும் ஹசீனா. பெரிய கேமரா கம்ப்யூட்டர் சாருடையது. கீழே போட்டால் தோலை உரித்துவிடுவேன் என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டாவது கேமரா என்பது ஹசீனாவின் அண்ணன் போன்.

பள்ளியில் என்னைக் காந்தி என்று கூப்பிடுவார்கள். என் கோபத்தைப் பார்த்தவர்கள் அப்படிக் கூப்பிடும்போது சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஜனவரி 10, புதன்

எங்கள் பள்ளி நாடகத்தின் ஒத்திகையை எடுத்தோம். தமிழ் டீச்சர் எழுதியது. புருஷன் பெண்டாட்டியை அடிக்கிறான், கடைசியில் அவள் வீட்டை விட்டுப் போகிறாள். பெண்கள் பள்ளி என்பதால் புருஷனும் பெண்தான். பேச்சியம்மாள், பன்னிரண்டு பி, கபடி டீம். கண்மையால் மீசை வரைந்துவிட்டால் அவள் நடையே மாறிவிடுகிறது. பெண்டாட்டி ஷெரின். முயல்குட்டி மாதிரி இருப்பாள், தொண்டை மட்டும் ஒலிபெருக்கி.

பேச்சி கையை ஓங்குகிறாள். கை ஷெரின் கன்னத்துக்கு அரை முழம் தள்ளிப் போகிறது. ஷெரின் இடுப்புக்குப் பக்கத்தில் தன் கையையே 'பட்'டென்று தட்டிக்கொள்கிறாள். உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மண்டபம் அதிர "ஐயோ!" என்று கத்துகிறாள். முன்னால் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு இது போதும். பக்கத்திலிருந்து எடுக்கும் கேமராவுக்கு அந்த அரை முழமும் பல்லிளிக்கிறது.

எனக்கு எரிச்சலாக வந்தது. அடி வாங்கியவள் கன்னத்தைப் பிடிக்க மாட்டாள். கை முதலில் காதுக்குத்தான் போகும். காதுக்குள் ஒரு சத்தம் ஓடும், அது நிற்கிற வரைக்கும் அசையமாட்டாள். அழுகை அப்புறம்தான். கத்தவும் மாட்டாள். இதை ஷெரினிடம் சொன்னேன்.

"ஒனக்கு எப்டிட்டி தெரியும்?" என்றாள்.

"சினிமாவுல பாத்தேன்" என்றேன்.

"நான் கத்தத்தான் செய்வேன். கத்தலேன்னா கடைசி பெஞ்சுக்கு எப்டிக் கேக்கும்?"

நடிப்பு என்றால் சத்தம் என்று நினைக்கிற கூட்டம். இவர்களை வைத்துப் படம் எடுத்து விளங்கினாற்போலத்தான்.

ஜனவரி 12, வெள்ளி

டீச்சர் அனுமதி வாங்கிக்கொடுத்து, பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போனோம். அவர்கள் நாடகத்தில் மூன்று கொலை. எங்களைத் தவிர மற்ற ஒன்பது பள்ளிகளின் கதைச் சுருக்கத்தையும் டீச்சர் காட்டினார். ஆறு நாடகத்தில் ஆள் சாகிறான், இரண்டில் வீட்டைக் கொளுத்துகிறார்கள். மிச்சம் ஒன்று மரம் வளர்ப்பது பற்றி. அதிலும் மரத்தை வெட்ட வருகிறவனைக் கட்டி வைத்து அடிக்கிறார்கள்.

கொலைக் காட்சியில் அட்டை அரிவாள்தான். ஆனால் செத்தவனாகப் படுத்திருந்தவன் கொன்றவனைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தான். கொன்றவன் அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு மேலே பாய்ந்தான். இரண்டு வகுப்புப் பையன்கள் மேடையில் ஏறினார்கள். பெஞ்சு உருண்டது. ஒருத்தனின் முன்பல் தெறித்து என் செருப்புப் பக்கத்தில் வந்து விழுந்தது. அவர்கள் சார் பிரம்போடு வந்து, அடித்தவனையும் அடிபட்டவனையும் சமமாக வெளுத்தார்.

ஹசீனா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். நான் கேமராவை நிறுத்தவில்லை. பல் போனவன் வாயில் கைக்குட்டையை அமுக்கிக்கொண்டு எங்களிடம், "அக்கா, இது டிவியில வருமா?" என்று கேட்டான். முதல் நல்ல காட்சி கிடைத்தது.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அம்மா கரும்பு வெட்டும்போது கையில் பட்டுவிட்டது. நான்கு தையல். அப்பாவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வரும்போது அல்வா வாங்கிக்கொண்டு வந்தார். படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஜனவரி 18, வியாழன்

பேச்சி தனியாக வந்தாள். அவள் முகம் வாடியிருந்தது.

"ஏட்டி காந்தி, எனக்கு இந்தாளு பிடிபடவே மாட்டேங்கான். எப்டிக் கோவப்படணும்? எங்கப்பாவுக்குக் கோவமே வராது. தண்ணியப் போட்டா அழுவாரு, அவ்வளவுதான். ஒங்கப்பா எப்டி?"

"எங்கப்பா குரல உசத்தவே மாட்டாங்க" என்றேன். அது உண்மைதான். அப்பா பெரிய துணிக்கடையில் சூப்பர்வைசர். காலையிலிருந்து நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிறவர். பிரமநாயகம் அண்ணாச்சி என்றால் கல்யாண வீட்டுக்காரர்கள் கடைக்குள் நுழையும்போதே தேடுவார்கள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டே நூறு சேலையை மடிப்பார் என்று ஊரே சொல்லும்.

பேச்சியிடம் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கோபப்படுகிறவன் கத்துவான் என்று ஏன் நினைக்கிறாய்? அவன் அவசரப்படமாட்டான். முதலில் வாட்சைக் கழற்றுவான். வாட்சின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைப்பான். அதைப் பிரிட்ஜ் மேல் முகம் மேலே பார்க்க வைப்பான், கைப்பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி. அப்புறம் பேரைச் சொல்லி மெதுவாகக் கூப்பிடுவான். "இங்க வா" என்பான். அவளே நடந்து வருவாள். அதுதான் காட்சி.

பேச்சி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "வாட்ச எதுக்குக் கழத்தணும்?"

"ஒடைஞ்சிரும்லா" என்றேன்.

ஜனவரி 20, சனி

இன்றைய ஒத்திகை மாதிரி இதுவரை நடந்ததில்லை.

பிரிட்ஜுக்குப் பதில் ஒரு மேஜை. பேச்சி வாட்சைக் கழற்றினாள். துடைத்தாள். வைத்தாள். "இங்க வா" என்றாள். பின்வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். தமிழ் டீச்சர் எழுந்து நின்றுவிட்டார்.

அந்த நிசப்தம் பேச்சிக்கே ஏறிவிட்டது போல. இந்தத் தடவை அரை முழம் இல்லை. கை முழுதாகக் கன்னத்தில் இறங்கியது. ஷெரின் பக்கவாட்டில் மேஜை மேல் போய் விழுந்தாள். காதிலிருந்து தோடு பிய்ந்து ரத்தம் வந்தது. அவள் கத்தவில்லை. கை நேராகக் காதுக்குப் போனது. பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா!

பேச்சி மீசையோடு உட்கார்ந்து அழுதாள். ஷெரினை நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக, "விழாவுல நீ தொட்டா ஒன் மீசைய சுட்டுருவேன். நான் கத்தத்தான் செய்வேன், பாத்துக்கோ" என்று பேச்சியிடம் சொன்னாள். எல்லாரும் சிரித்துவிட்டோம்.

வாட்ச் காட்சி இருக்கட்டும், அடி மட்டும் பொய்யாக இருக்கட்டும் என்று தமிழ் டீச்சர் முடிவு செய்தார். யார் யோசனை என்று கேட்டார். எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுதுவதில் தப்பில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

ஹசீனா அந்தக் காட்சியை அழித்துவிட்டாள்.

சனிக்கிழமை போனில் அவள் எடுத்தது. என் கேமராவில் பேச்சியின் முதுகுதான் விழுந்திருந்தது. ஷெரின் முகம் ஹசீனா எடுத்ததில்தான் இருந்தது. "ரத்தம் வருது, அதப் போய் எப்டிட்டிப் படத்துல போடுவ? ஷெரினும் வேண்டாம்னா, அழிச்சிட்டேன்" என்றாள். சாதாரணமாகச் சொன்னாள். பூக்காரியிடம் பூ வேண்டாம் என்று சொல்கிற மாதிரி.

அடித்துவிட்டேன். ஒன்றல்ல, இரண்டு. கம்ப்யூட்டர் அறையில் வேறு யாரும் இல்லை.

அவள் காதைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சொன்னாள்: "கேமராவ மேசை மேல வச்சுட்டு அடிக்கே. கோவத்துல அடிக்கலட்டி நீ. பத்திரமா எறக்கி வச்சு, மூடியப் போட்டு, அப்புறமா அடிக்கே."

என்ன உளறுகிறாளோ. கேமரா கம்ப்யூட்டர் சாருடையது. கீழே விழுந்தால் யார் பதில் சொல்வது?

 

ஜனவரி 25, வியாழன்

ஹசீனாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டு, "ஒங்க வீட்டுல காப்பி குடு, பேசுதேன்" என்றாள். சாயங்காலம் கூட்டிப்போனேன். வீட்டுக்கு யாரையும் கூட்டிப்போவதில்லை. வேறு வழி தெரியவில்லை.

அம்மா தோசை சுட்டாள். கையில் தையல் போட்டிருந்ததால் இடது கையால் சுட்டாள். ஹசீனா போகிற நேரத்தில், அன்று கடையிலிருந்து சீக்கிரமே அப்பா வந்துவிட்டார். "வாம்மா, ஒங்க வாப்பா சௌக்கியமா? பெருநாளுக்கு நம்ம கடையிலதான எடுத்தாங்க" என்று விசாரித்தார். அவளுக்கு அப்பாவைப் பிடித்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. அப்பாவை யாருக்குத்தான் பிடிக்காது?

பிறகு கை கழுவுவதற்காக அப்பா வாட்சைக் கழற்றி பிரிட்ஜ் மேல் வைத்தார்.

அம்மா தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அடுத்த ஜன்னலையும் சாத்தினாள். டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

"ஆன்ட்டி, காத்து வரட்டுமே" என்றாள் ஹசீனா.

"கொசு வருதும்மா" என்றாள் அம்மா. மணி ஐந்தரைகூட ஆகவில்லை.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்து வாட்சைக் கட்டிக்கொண்டார். அம்மா ஜன்னலைத் திறந்தாள். ஹசீனா பிரிட்ஜைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தெருமுனை வரைக்கும் கூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். 

படத்தைப் பற்றி: இன்று எதுவும் எடுக்கவில்லை.

ஜனவரி 29, திங்கள்

விழா அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. பரிசும் பொன்னாடையும் ஒரு துணிக்கடை கொடுக்கிறதாம். கடை சார்பில் பரிசு வழங்குபவர்: திரு. பிரமநாயகம். அப்பாவேதான் முதலாளியிடம் சொல்லி ஏற்பாடு செய்தாராம், மகள் படிக்கிற பள்ளி என்று. முதல் வரிசையில் உட்காருவார்.

டீச்சர் என் முதுகில் தட்டி, "சர்ப்ரைஸா இருக்கா?" என்றார். ஆமாம் டீச்சர் என்றேன்.

பேச்சியிடம் வாட்சை விட்டுவிடச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். கண்டிப்பாக.

ஜனவரி 31, புதன்

கேமரா எங்கெங்கே நிற்க வேண்டும் என்று ஹசீனாவோடு உட்கார்ந்து படம் வரைந்தோம். பெரிய கேமரா மேடையைப் பார்த்து. போன், மேடையின் இடது ஓரத்திலிருந்து பார்வையாளர்களைப் பார்த்து. நாடக விழா என்றால் பார்க்கிறவர்கள் முகமும் வேண்டும். முதல் நான்கு வரிசை நன்றாகத் தெரிகிற இடம். போனை நானே பார்த்துக்கொள்கிறேன், பெரிய கேமராவை நீ எடு என்றேன். ஹசீனா ஏன் என்று கேட்கவில்லை.

பேச்சிக்கு இன்று கபடி மேட்ச். பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

அம்மா இன்று கடைக்குப் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, மாடிக்குத் துணி காயப்போடவும் போகவில்லை. நான் துவைத்துக் காயப்போட்டேன். நேற்று குழம்பில் உப்பு ஒரு கல் கூடிவிட்டதாம். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டுச் செண்பகம் அக்காவிடம் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

எனக்கு இன்று இயற்பியல் தேர்வு. நேற்று ராத்திரி நன்றாகப் படித்தேன். எவ்வளவு சத்தத்திலும் என்னால் படிக்க முடியும்.

ஒருநாள் அம்மா விழுந்தால் எழுந்திருக்காமலே போய்விடுவாள். இதை எழுதிவிட்டேன். டீச்சர் படித்தால் படிக்கட்டும்.

பிப்ரவரி 2, வெள்ளி

கடைசி ஒத்திகை. பேச்சி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரே டப்பாவில் எலுமிச்சைச் சாதம் தின்றோம். அவள் வாட்சைத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லிட்டியா?" என்று ஹசீனா கேட்டாள்.

"மறந்துட்டேன்."

"மறக்குத ஆளாட்டி நீ?"

மறந்துதான் போய்விட்டது. எத்தனை வேலை. மைக் வயர் வேறு அறுந்துகிடந்தது.

பிப்ரவரி 3, சனி. மண்டபத்திலிருந்து எழுதுகிறேன்

சாயங்காலம் ஐந்து மணி. விழா முடிந்துவிட்டது. டீச்சருடன் வயரைச் சுற்றிவைக்க வேண்டும் என்று சொல்லி இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். 

எங்கள் நாடகம் ஆறாவது. அப்பா முதல் வரிசையில், தலைமை ஆசிரியைக்குப் பக்கத்தில். அம்மா நாலாவது வரிசையில், பெண்கள் பக்கம், ஜன்னலோரம். நீளக் கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். நான் போனை வைத்துக்கொண்டு மேடை ஓரத்தில் இருந்தேன். மேடையை நான் பார்க்கவில்லை. அவர்களைத்தான் பார்த்தேன்.

பேச்சி வாட்சைக் கழற்றியது மண்டபம் அமைதியானதில் தெரிந்தது. அப்பா முகம் மாறவில்லை. கடையில் வாடிக்கையாளர் முன்னால் வைத்திருக்கிற அதே சிரிப்பு. இடது மணிக்கட்டை மட்டும் வலது கையால் மூடிக்கொண்டார்.

அப்போது அம்மா எழுந்தாள். தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி எழுந்து, பக்கத்திலிருந்த ஜன்னலைச் சாத்தினாள். பழைய மரக்கதவு, 'டம்'மென்று சத்தம். அடுத்த ஜன்னலுக்குப் போனாள். அதையும் சாத்தினாள். மூன்றாவதுக்குப் போகும்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. கை ஜன்னலிலேயே நின்றுவிட்டது. மண்டபத்தில் பாதிப் பேர் மேடையை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். செண்பகம் அக்கா பார்த்தார். ரெஜினா டீச்சர் பார்த்தார். அப்பா திரும்பிப் பார்த்தார்.

சரியாக அந்த நேரத்தில் மேடையில் ஷெரின் கத்தினாள். வழக்கத்தை விட இரண்டு பங்கு. ஜன்னலைப் பார்த்த தலையெல்லாம் திடுக்கிட்டு மேடைக்குத் திரும்பின. அம்மாவும்தான். உட்காரவில்லை. நாடகம் முடிகிற வரைக்கும் நின்றுகொண்டே ஷெரினைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் பதிவாகியிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சிறந்த நடிப்புக்கான பரிசு பேச்சிக்கு. கொடுத்தது அப்பா. பொன்னாடையை அவள் தோளில் போட்டுவிட்டு, மைக் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டார்: "ரொம்ப நல்லா பண்ணுனேம்மா. அந்த வாட்சு, அதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

பாவம், பேச்சிக்கு ஒன்றும் தெரியாது. மீசை காதுவரைக்கும் போகிற மாதிரி சிரித்தாள். "ஒங்க காந்திதான் சார்! எல்லாமே அவ சொல்லிக் குடுத்ததுதான்!"

மண்டபமே கை தட்டியது. அப்பாவும் தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார், என்னைப் பார்த்துக்கொண்டே.

ஹசீனா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். அம்மா ஏற்கெனவே அப்பாவோடு பைக்கில் போய்விட்டாள். நான் மட்டும் எப்படிப் போவேன்? எனக்குப் பயமாக இருக்கிறது. வீட்டுக்குப் போகிறேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு. ஆஸ்பத்திரி

அம்மா தூங்குகிறாள். வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது. விலாவிலும் அடி. நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பிறகு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லக் கூடாது.

நான் போனபோது அப்பா பொன்னாடைத் துணியில் மிஞ்சியதை மடித்துக்கொண்டிருந்தார். ஓரத்தோடு ஓரம் பிசகாமல் மடித்தார். பிறகு வாட்சைக் கழற்றினார். "காந்திமதி, இங்க வா" என்றார்.

என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷமும் அந்தக் குரல் அம்மாவுக்கு மட்டும்தான். என் கால் தானாக நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது. இரண்டடி நடந்துவிட்டேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து நடுவில் நின்றாள். "அவளத் தொடாதீங்க" என்றாள்.

"ஏளா, தள்ளு."

தள்ளவில்லை. முதல் அடி காதில். வழக்கம்போலத்தான். இரண்டாவது அடிக்கு அம்மா கையைக் குறுக்கே கொடுத்தாள். அப்பா அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார். விறகு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவளைக் காலால் விலாவில் உதைத்தார். நான் அவர் முதுகில் பாய்ந்து கடித்தேன். சுவரில் மோதி விழுந்தேன்.

அப்போது அம்மா கத்தினாள்.

நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை அப்படி ஒரு சத்தம். "ஐயோ! என்னைக் கொல்லுதாரே! யாராவது வாங்களேன்!" தெருவே நடுங்கியிருக்கும். அப்பா கை அப்படியே அந்தரத்தில் நின்றது. அவருக்கும் அது புதுசு. அம்மா மூச்சு வாங்கிவிட்டு மறுபடியும் கத்தினாள். கதவை யாரோ இடித்தார்கள். செண்பகம் அக்கா, அக்கா வீட்டுக்காரர், எதிர்வீட்டு மிலிட்டரி மாமா, பிறகு பேர் தெரியாதவர்கள். அப்பா சட்டையைச் சரிசெய்துகொண்டு, "ஒண்ணுமில்ல, வழுக்கி விழுந்துட்டா" என்றார்.  அக்கா அம்மாவைத் தூக்கினார். ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தோம்.

இன்று காலை விழித்ததும் அம்மா கேட்டது: "அந்தக் கத்துன பிள்ளை பேரு என்ன?"

"ஷெரின்."

"நல்லா கத்துச்சு. அந்தப் பிள்ளை கத்துனதும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கல்லா. நாடகத்துக்கே பாக்காங்களே, நெசத்துக்குப் பாக்க மாட்டாங்களான்னு தோணுச்சு."

"இதுக்கு முன்னால நீ ஏம்மா கத்தல?"

"நீ படிச்சுக்கிட்டு இருப்பேல்லா" என்றாள்.

நான் வெளியே போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். ஷெரினிடம் எத்தனை தடவை சொன்னேன், கத்தாதே, யாரும் கத்த மாட்டார்கள், அது பொய் என்று. நல்லவேளை, அவள் என் பேச்சைக் கேட்கவில்லை.

அதே நாள், மதியம்

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் அம்மா வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படிம்மா அடிபட்டுச்சு?" என்று ஆரம்பித்தார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் இட்லிப் பொட்டலம். நெற்றி நிறையத் திருநீறு. "பாத்ரூம்ல பாசி மேடம். நான் எத்தனை தடவை சொன்னேன், பிளீச்சிங் போடு, பிளீச்சிங் போடுன்னு" என்றார். குரலில் அத்தனை வருத்தம். பக்கத்துக் கட்டில்காரி 'ச்சு' கொட்டினாள்.

காவலர் அம்மா எங்கம்மாவைப் பார்த்தார்.

"இல்ல" என்றாள் அம்மா. "இவ்வொதான் அடிச்சாவ."

கை முறிந்துகிடக்கிறாள், அப்போதும் மரியாதையை விடவில்லை. எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. ஆனால் சொல்லிவிட்டாள்.

அப்பா சிரித்தார். "ஊசி மயக்கத்துல என்னென்னமோ பேசுதா மேடம். என் மகள்ட்ட கேளுங்க. பொய்யே சொல்லமாட்டா." பிளாஸ்கைக் கட்டிலடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "காந்திமதி, சொல்லும்மா. அம்மை வழுக்கித்தான விழுந்தா?"

அதே மெதுவான குரல்.  கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் என்ன சொன்னாலும் என் மேல் குறை வராமல் பார்த்துக்கொள்கிறாள் என்று புரிந்தது.

"அப்பா அடிச்சாங்க" என்றேன்.

"நீ பாத்தியா?" என்றார் காவலர் அம்மா.

"நேத்து பாத்தேன். மத்த நாளெல்லாம் அடுத்த ரூம்ல படிச்சுக்கிட்டு இருந்தேன், கதவு சந்து வழியாத் தெரியும்."

"மத்த நாளா? எத்தனை நாளா நடக்கு?"

அப்பா ஒரு அடி முன்னால் வந்தார். காவலர் அம்மா எழுந்து, ஸ்டூலை எனக்கும் அவருக்கும் நடுவில் தள்ளிப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். பேனாவை உதறிக்கொண்டு, "மொதல்ல இருந்து சொல்லு, பிள்ளே. அவசரமில்ல" என்றார்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கினேன்.